கனவான்களே, சைக்கிளோடு கப்பலேறுங்கள்!

உல்லாசக் கப்பலில் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பெருங்கவலை இருக்கிறது. சொந்தச் சைக்கிளைக் கூடவே கொண்டுபோகலாமா, கூடாதா? கப்பல் ஒரு துறைமுகத்தில் காலையில் வந்து நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குள் ஊரைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். டாக்சிக்காரர் அதிகமாகக் கேட்பார். வாடகைச் சைக்கிளில் சீட்டு உயரம் பொருந்தாது, இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆகவே வீட்டுச் சைக்கிள்தான் வேண்டும். பாவம், எத்தனை இரவு தூங்காமல் புரண்டார்களோ!

அவர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். கப்பல் கம்பெனிகள் இரக்கமுள்ளவை. மடக்குச் சைக்கிளாக இருந்தால் பல கம்பெனிகள் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ள விடுகின்றன. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மேல்தளத்தில் ஓட்டக் கூடாது, பேட்டரிச் சைக்கிள் என்றால் தீப்பிடிக்கும் பயத்தில் யோசிப்பார்கள். அவ்வளவுதான். லண்டனில் செய்யும் பிராம்ப்டன் சைக்கிள் மூன்றாக மடிந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். விலை நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டும் என்பதெல்லாம் கப்பலேறுகிறவருக்கு ஒரு பொருட்டா? ஐரோப்பாவின் டான்யூப் நதியில் சைக்கிள்காரர்களுக்கென்றே படகுகள் ஓடுகின்றன. பகலில் பாசாவிலிருந்து வியன்னா வரைக்கும் கரையோரப் பாதையில் மிதிக்கலாம். படகு முன்னாலேயே போய் அடுத்த ஊரில் சாப்பாட்டோடு காத்திருக்கும். கடலில் போகிற கப்பல் இன்னும் விசேஷம். பல்லாயிரம் டன் இரும்பு, எண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். அதன் வயிற்றுக்குள் பன்னிரண்டு கிலோ சைக்கிள் ஒன்று படுத்தபடியே பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

சைக்கிளைக் கூடவே கொண்டுபோக முடியுமா என்ற கேள்வி திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலும் தினமும் எழுகிறது. இங்கே அதைக் கேட்கிறவர் உருக்காலையிலோ வார்ப்பாலையிலோ ஷிப்ட் முடித்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள், உள்ளூர்ப் பாப்பன்குப்பத்துக்காரரும் இருக்கிறார். கையில் ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள். செயின் கவர் இல்லை, டைனமோ இல்லை, பிரேக் இருக்கிறதா என்பது பிடித்துப் பார்க்கிற நேரத்தில்தான் தெரியும். அவருடைய கேள்விக்கு யாரும் பதில் எழுதுவதில்லை.

அவரையே ஒரு நாள் கப்பலேற்றிப் பார்த்தால் என்ன? சென்னையிலும்தான் உல்லாசக் கப்பல் வந்துவிட்டதே. 2022 ஜூனில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்', 1990-இல் பிரான்சில் கட்டிய கப்பல். அமெரிக்கக் கம்பெனி ஒன்று ஓட்டித் தீர்த்த பிறகு இந்தியாவுக்கு வந்தது. ஆக, அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். நம் தொழிலாளி ஒன்றும் கூச்சப்பட வேண்டியதில்லை. உள்ளே நீச்சல் குளம் உண்டு, சூதாட்டக் கூடம் உண்டு, பாறை ஏறிப் பழகச் சுவர்கூட உண்டு. அந்தச் சூதாட்டம் புதுச்சேரி அரசுக்குப் பிடிக்காமல், முதல் பயணங்களிலேயே கப்பல் அங்கே கரை தொட முடியாமல் திரும்பியது. அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கைக்கும் போயிற்று. பயணிகளுக்காகச் சென்னைத் துறைமுகத்தில் 17 கோடி ரூபாய்ச் செலவில் குளிரூட்டிய முனையம் எழும்பியது. டிக்கெட் விலை நம்மவரின் மாதச் சம்பளத்தைத் தின்று ஏப்பம் விடும். போகட்டும், அதை யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளோடு கும்மிடிப்பூண்டியிலிருந்து துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதானே?

மின்ரயில் இருக்கிறது. சென்ட்ரலுக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ரயில்வே சட்டப்படி சைக்கிள் கைச்சாமான் ஆகாது. இலவச எடைக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. பார்சல் அலுவலகத்தில் பதிந்து, சீட்டுக் கட்டி, பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். எக்ஸ்பிரஸ் ரயிலுக்குச் சரி. மின்ரயிலில் பார்சல் ஏற்ற ஏது பிரேக் வேன்? வியாபாரிகள் பெட்டி ஒன்று உண்டு. மீன் கூடை, பால் கேன், கீரைக்கட்டு, பூ மூட்டை எல்லாம் அதில் வரும். வரட்டும், அவற்றைச் சுமந்து வரும் பெண்கள் இல்லாவிட்டால் பட்டணத்துக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்தப் பெட்டியில் சைக்கிளைத் தூக்கி வைத்துப் பாருங்கள். முதலில் முறைப்பவர் பக்கத்தில் நிற்பவர், பிறகு டிக்கெட் பரிசோதகர், கடைசியில் அபராத ரசீது. கொச்சி மெட்ரோவில் 2020-லேயே சைக்கிளை ரயிலுக்குள் உருட்டிக்கொண்டு வர அனுமதித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஏறுகிற பயணி காசுள்ளவராக இருந்தால் அதற்குப் பெயர் 'கடைசி மைல் இணைப்பு'. நம்மவர் ஏறினால் அதற்குப் பெயர் இடைஞ்சல்.

சரி, மிதித்தே போகலாம். தேசிய நெடுஞ்சாலை 16 இருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வருகிற பெருஞ்சாலை. அகலமானது, வழவழப்பானது. நல்லூர்ச் சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. பார்த்தீர்களா பெருந்தன்மையை! கட்டணம் இல்லை, ஆகையால் இடமும் இல்லை. இடது ஓரமாகப் போனால் அங்கே டிரெய்லர் நிறுத்தியிருக்கும், ஓட்டுநர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். சற்று உள்ளே ஏறினால் பின்னாலிருந்து இருபது சக்கர வண்டியின் ஏர்ஹாரன் முதுகெலும்பைப் பிடித்து உலுக்கும். சர்வீஸ் ரோடு என்று ஒன்று தொடங்கும், ஒரு பாலத்துக்குக் கீழே போய் மாயமாகும். எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் யூ டர்ன் வெகுதூரத்தில் இருக்கும். மோட்டார் வண்டிக்காரருக்கு அது இரண்டு நிமிடம். இரவு ஷிப்ட் முடித்த காலுக்கு அது தண்டனை. அதனால் தொழிலாளி தடுப்புச் சுவரின் இடைவெளி வழியாகச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு குறுக்கே பாய்கிறார். லாரி அடிக்கிறது. மறுநாள் செய்தியில் 'சாலையைக் கடக்க முயன்ற வடமாநிலத் தொழிலாளி' என்று நாலு வரி. முயன்றது அவர் குற்றம். கடக்க வழி வைக்காதவருக்கு அந்தச் செய்தியில் பெயரே இருக்காது.

2022-இல் இந்தியாவிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். சாவில் மட்டும் உத்தரப் பிரதேசம் நம்மை முந்திக்கொண்டது. நாடு முழுக்கச் சைக்கிளில் போய்ச் சாகிறவர்கள் மட்டும் ஆண்டுக்கு நாலாயிரத்தைத் தாண்டுகிறார்கள். இதற்கு அரசாங்கம் கண்டுபிடித்திருக்கிற மருந்து ஒன்று உண்டு: ஒளிரும் ஸ்டிக்கர். சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் அதிகாரிகள் தொழிற்பேட்டை வாசலுக்கு வருவார்கள், தொழிலாளிகளை வரிசையாக நிறுத்துவார்கள், மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். லாரிக்காரருக்கு இனி நன்றாகத் தெரியும், எதன் மேல் ஏற்றப்போகிறோம் என்று.

சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டால் பொறியாளர்கள் சிரிக்கிறார்கள். நெடுஞ்சாலையில் எங்கேயப்பா சைக்கிள் பாதை, இது என்ன ஹாலந்தா என்பார்கள். அவர்கள் படித்த புத்தகத்தையே அவர்களுக்குப் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. இந்தியச் சாலைகள் பேராயம் என்கிற ஐ.ஆர்.சி., சைக்கிள் பாதைக்கென்று 1962-லேயே ஒரு விதிநூல் போட்டிருக்கிறது. ஒரு சாலையில் மணிக்கு இருநூறு மோட்டார் வண்டிகளுக்கு மேல் ஓடினால், நெரிசல் நேரத்தில் நூறே நூறு சைக்கிள் வந்தாலும் தனிப்பாதை போடுவது நியாயம் என்கிறது அந்த நூல். 1962! கும்மிடிப்பூண்டியில் அன்றைக்குச் சிப்காட் தொழிற்பேட்டையே கிடையாது. இன்றைக்கு இந்தச் சாலையில் இருநூறு வண்டி போக ஒரு மணி நேரமா வேண்டும்? டீ ஆறுவதற்குள் போய்விடுகின்றன. சாமி வரம் கொடுத்து அறுபது வருஷம் தாண்டிவிட்டது. பூசாரி இன்னும் கதவைத் திறக்கவில்லை.

நம்மவர் விடாக்கண்டர். நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் புதுவாயலில் திரும்பி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியாகக் கடலோரம் பிடித்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது இன்னும் விசேஷமான பாதை. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல், மறுபக்கம் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி அந்த வரிசை எண்ணூரிலிருந்தே நின்ற காலமும் உண்டு. ஓட்டுநர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் புகுந்து வர வேண்டும்.

போகிற வழியில் அவர் ஒரு காட்சியைப் பார்க்கலாம். காமராஜர் துறைமுகம். இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் கப்பல் வரும். அந்தக் கப்பலில் சொந்த வண்டியைக் கொண்டுபோகலாமா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் வண்டிகள்தான் அங்கே பயணிகளே. 2010 முதல் ஒரகடம் பக்கத்துக் கார்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வந்து, தங்கள் சக்கரத்திலேயே உருண்டு, சாய்தளம் வழியாக ஜம்மென்று கப்பலுக்குள் போய் வரிசை கட்டி நிற்கின்றன. கடல் ஆடினாலும் அசையாதபடி ஒவ்வொன்றுக்கும் கட்டுவார் போட்டு இறுக்குகிறார்கள். கீறல் விழுந்தால் காப்பீடு. கார் ஒன்றுக்குக் கீறல் விழக் கூடாது என்று இத்தனை கவலைப்படத் தெரிந்த ஊரில்தான் சைக்கிளில் போன ஆளின் உடம்பை முன்பின் தெரியாதவர்கள் வேட்டியால் மூடுகிறார்கள்.

கப்பலுக்கு என்றால் இந்த மாவட்டம் எதையும் கொடுக்கும். பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. எல் அண்டு டி கட்டிய துறைமுகத்தை 2018-இல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக அதை விரிக்கத் திட்டம் போட்டது. பழவேற்காட்டு மீனவர்கள் ஊர் ஊராக எதிர்த்து நின்றார்கள். ஏரி போகும், இறால் போகும், கரையே போகும் என்றார்கள். துறைமுகத்துச் சரக்கு நகரத்தைத் தொடாமல் போக எண்ணூரிலிருந்து தச்சூர், திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் வரைக்கும் சுமார் 133 கிலோமீட்டருக்குச் சுற்றுச்சாலை போடுகிறார்கள். கேட்டால் வளர்ச்சி என்பார்கள். லாரி வளர 133 கிலோமீட்டர். சைக்கிள் உயிரோடு இருக்க ஒன்றரை மீட்டர் அகலம் கேட்டால், நிலம் இல்லை.

நிலம் இல்லையாம்! தேர்வாய்கண்டிகைக்காரர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். இதே கும்மிடிப்பூண்டி வட்டம். மாடு மேய்ந்த, சுள்ளி பொறுக்கிய, கிராமத்தைத் தாங்கிய பொது நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போயிற்று. ஊர்க்காரர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மறித்தார்கள், கைதானார்கள். வழக்குப் போட்டார்கள். விவகாரம் பிரான்ஸ் வரைக்கும் போய் முறையீடானது, ஏனென்றால் அங்கே வந்து உட்கார்ந்த பெரிய ஆலை பிரெஞ்சுக்காரர்களுடைய மிஷ்லின் டயர் கம்பெனி. இந்த மிஷ்லின் எதனால் பேர் வாங்கியது தெரியுமா? சைக்கிள் டயரால். பஞ்சரானால் கழற்றி மாட்டக்கூடிய காற்று டயரை 1891-இல் சைக்கிளுக்குச் செய்து, பாரிஸ் பிரெஸ்ட் பந்தயத்தில் அந்த டயர் மாட்டிய சைக்கிள் ஜெயித்து, அதிலிருந்துதான் அந்தக் கம்பெனி உலகக் கம்பெனி ஆனது. நம் ஊருக்கு வந்து அது செய்ய ஆரம்பித்தது லாரி டயர். சைக்கிளில் பிழைத்து மேலே வந்தவர் நம் ஊரில் மட்டும் லாரிக்காரராகிவிட்டார்.

வெளிநாட்டுக்காரரை எதற்குச் சொல்ல வேண்டும்? தென்னிந்தியாவே மிதித்த சைக்கிள் பிறந்த மண் இது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஆலை அம்பத்தூரில். அந்த அம்பத்தூர் வட்டம் 2018 வரைக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கேயிருந்து போய்த்தான் தமிழ்நாட்டின் வாத்தியார்களையும் தபால்காரர்களையும் பால்காரர்களையும் சுமந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2001-இல் ஜெயலலிதா அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவசச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆட்சி மாறினாலும் நிற்காத திட்டம். இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை, நிஜமாகவே நல்ல காரியம். ஆனால் கவரைப்பேட்டையிலும் எளாவூரிலும் அந்தச் சைக்கிளை வாங்கிய பிள்ளையை, வீட்டுக்காரர்கள் நெடுஞ்சாலைப் பக்கம் விடுவதில்லை. சைக்கிள் திண்ணையில் நிற்கிறது. பிள்ளை ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு போகிறது. சைக்கிளைக் கொடுத்த அரசும் அதே அரசுதான், சாலையைப் போட்ட அரசும் அதேதான். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை போலிருக்கிறது.

டெல்லியில் இன்னும் உயர்ந்த சிந்தனை. 2024 ஜூலை பட்ஜெட்டில், இந்தியாவில் உல்லாசக் கப்பல் ஓட்டும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சுலபமான வரி முறையை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். செப்டம்பரில் 'குரூஸ் பாரத்' என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். 2029-க்குள் கப்பல் பயணிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாக வேண்டுமாம். அன்றைக்குச் சைக்கிள் வாங்கிய தொழிலாளி கட்டிய ஜி.எஸ்.டி. 12 சதவீதம். அதை 5 சதவீதமாகக் குறைக்க 2025 செப்டம்பர் வரைக்கும் மனம் வரவில்லை. கப்பலேறிகளின் கஷ்டம் மட்டும் உடனே புரிந்துவிட்டது.

நம் தொழிலாளி எப்படியோ உயிரோடு துறைமுகம் சேர்ந்து, கப்பலிலும் ஏறிவிட்டார் என்றால் அவருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். கப்பலிலேயே சைக்கிள் இருக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில், தரையோடு சேர்த்து முடுக்கியபடி. குளுகுளு அறையில் அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி, வியர்வை சொட்டச் சொட்ட எங்கேயும் போகாமல் மிதித்துக்கொண்டிருப்பார். அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட். இந்த நாட்டில் சைக்கிளுக்கு மரியாதை வேண்டுமென்றால் அது எங்கேயும் போய்ச் சேரக் கூடாது. அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் இறுக்கச் சட்டையுமாகப் போகிறவர் 'சைக்கிளிஸ்ட்'. அவர் பேட்டி கொடுக்கலாம். வேலைக்குப் போகிறவர் வெறும் சைக்கிள்காரர். அவர் சாட்சி சொல்லத்தான் லாயக்கு. அதுவும் உயிர் பிழைத்தால்.

கடைசியாக ஒரு பழைய வாக்குறுதி. 2024 செப்டம்பரில், முதலீடு திரட்ட அமெரிக்கா போன மு.க. ஸ்டாலின், சிகாகோ ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டும் வீடியோவை வெளியிட்டார். நல்ல பாதை, ஒரு லாரி கிடையாது, சாயங்கால வெயில். அதைப் பார்த்த ராகுல் காந்தி, சென்னையில் நாம் எப்போது சேர்ந்து ஓட்டப்போகிறோம் என்று கேட்டார். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், ஓட்டிவிட்டு வீட்டில் தென்னிந்தியச் சாப்பாடு சாப்பிடலாம் என்று பதில் போனது. நாடே நெகிழ்ந்தது.

அந்தச் சவாரிக்குப் பாதை நாங்கள் சொல்கிறோம். யார் ஆட்சியில் இருந்தாலும் சரி, யார் கட்சியாக இருந்தாலும் சரி, வரலாம். நிர்மலா சீதாராமனும் வரலாம், நெடுஞ்சாலை அதிகாரிகள் கட்டாயம் வர வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் இரவு பத்து மணி ஷிப்ட் விடும்போது கிளம்ப வேண்டும். கவரைப்பேட்டை வரைக்கும் போனால் போதும். கான்வாய் கூடாது, முன்னால் பைலட் வண்டி கூடாது, சாலையை மறித்து வைக்கக் கூடாது. சைக்கிளை இங்கேயே கொடுக்கிறோம், பிரேக்குக்கு உத்தரவாதம் இல்லை. வருகிற அதிகாரிகள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவரட்டும். பாதி வழியில் நின்று ஒரு மணி நேரம் சைக்கிள்களை எண்ணட்டும். நூறைத் தாண்டினால், மறுநாள் காலையிலேயே தங்கள் 1962-ஆம் ஆண்டு விதிநூலைப் பிரித்துவைத்துக்கொண்டு டெண்டர் விடட்டும்.